புதுத்தீவின் ஜாகாக்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது என் தலையில் மெய்நிகர் உலகம் காட்டும் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டீர்கள். "ஆன்ட்டி, கீழ விழுந்துடாதீங்க" என்று ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விழவில்லை. உள்ளே தெரிந்த சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, இதில் எத்தனை பேர் நிஜ ஆள் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடு.

உங்கள் விளம்பரத் தாளில் இருக்கும் அத்தனை வாக்கியங்களையும் நான் எண்பதுகளின் பிற்பாதியிலேயே கேட்டுவிட்டேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலா மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மிளகாய் அரைக்கும் நாளில் நாங்கள் ஆறு பேரும் தும்மிக்கொண்டேதான் வேலை பார்ப்போம். நாங்கள் உருவாக்கிய உலகத்தின் பெயர் புதுத்தீவு. படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்தால், "நீங்கள் சந்தை வாசலில் நிற்கிறீர்கள், வடக்கே கடற்கரை" என்று ஒரு வரி வரும். வடக்கே என்று தட்டினால் கடற்கரைக்குப் போய்விடுவீர்கள். அங்கே வேறு யாராவது இருந்தால் அவர்களோடு பேசலாம். வீடு கட்டலாம், கடை போடலாம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே நாங்கள் கிறங்கிப்போயிருந்தோம்.

எங்கள் முதலாளி அதற்கு முன் தட்டச்சு இயந்திரம் விற்றவர். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. சிங்கப்பூரில் கடலைத் தூர்த்துத்தானே நிலம் எடுக்கிறார்கள், நாம் ஒரு கூடை மண்கூடக் கொட்டாமல் தீவு செய்திருக்கிறோம் என்பார். "அஞ்சு வருஷத்துல ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு எவனும் போகமாட்டான் லா. கல்யாணம்கூட இங்கதான் நடக்கும், பாரு" என்பார். நான் நம்பினேன். நம்பாத ஒருவர் அந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க முடியாது.

எங்களைப் போலவே இன்னும் இரண்டு நிறுவனங்கள் இதே வேலையில் இருந்தன. ஒன்றில் இருந்தவர் முன்பு கம்பி வழியே எழுத்து அனுப்பும் டெலெக்ஸ் இயந்திரம் பழுது பார்த்தவர். பெயர் வேண்டாம். மூன்று நிறுவனங்களும் உட்கார்ந்து ஒரு பொது வடிவத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அவர் நாயாய் அலைந்தார். ஓர் உலகத்தில் கட்டிய வீட்டையும் பேசிய பேச்சையும் இன்னோர் உலகத்துக்கு எடுத்துப் போக முடிய வேண்டும், அந்த வடிவத்தை யாரும் படித்துப் பார்க்கும்படி அச்சிட்டு வெளியிட வேண்டும், இதுதான் அவர் கோரிக்கை. "டெலெக்ஸ் ஏன் உலகம் பூரா ஓடுது? எந்த நாட்டு மெஷினும் எந்த நாட்டு மெஷினோடயும் பேசும்மா. எழுத்து எல்லாருக்கும் பொது. அதனாலதான்" என்றார். இருபது பக்கத்தில் ஒரு வரைவைத் தட்டச்சடித்து என்னிடம் கொடுத்தார்.

முதலாளி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "நம்ம ஆளுங்க வெளிய போறதுக்கு நாமளே கதவு வச்சுக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். பதிவுகளை வேறு யாரும் படிக்க முடியாதபடி கலைத்து எழுதச் சொன்னார். கலைத்து எழுதும் நிரலை எழுதியது நான்தான். கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறேன் என்று பெருமை வேறு. அந்த வரைவை என் மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது ஜாகாவுக்கு வருகிறேன். எங்கள் தீவுக்கு ஒரு நோய் இருந்தது. மாலையில் ஆள் வருவார்கள், பகலில் ஈ ஓட்டுவோம். முதல் போட வருகிறவர்களோ பகலில்தான் வருவார்கள். "காலி காபிக்கடையில எவனாவது உட்காருவானா? ஆள் இருக்கிற மாதிரி காட்டு" என்றார் முதலாளி. உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்போமே, அந்த மாதிரி ஒன்றை நான் செய்துகொடுத்தேன். ஒருவர் பத்து நிமிடம் எதுவும் தட்டாவிட்டால், அல்லது இணைப்பிலேயே இல்லாவிட்டால், அவருடைய உருவை நிரல் எடுத்துக்கொள்ளும். அவர் வழக்கமாக அந்த நேரத்தில் போகும் இடத்துக்குப் போகும். அவர் முன்பு பேசிய வரிகளிலிருந்தே பொறுக்கிப் பேசும். இரண்டு வரியை ஒட்டிப் புது வரியும் செய்யும். மலாயில் காவலாளியை ஜாகா என்பார்களே, அலுவலகத்தில் அந்தப் பெயரையே வைத்துவிட்டோம்.

ஜாகா பேசும்போது வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடட்டுமா என்று கேட்டேன். "குறி போட்டா அப்புறம் எதுக்கு லா இது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. குறி போடவில்லை. திரையில் போடாதது மட்டுமல்ல, எங்கள் உள்பதிவிலும் போடவில்லை. சோம்பல். அந்த ஒரு எழுத்துச் சோம்பலைத்தான் நான் இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் தேவாலயத்துக்கு வரும் அந்தோணி அண்ணன் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஓட்டுநரே காசு வாங்கிக்கொள்ளும் முறை வந்ததும் வேலை போயிற்று. அடுத்து சிறுநீரகம் கெட்டது. மனைவி ரோசலின் அக்கா மருத்துவமனையில் தாதி. அக்கா வேலைக்குப் போனால் தோ பாயோ வீட்டில் அண்ணன் தனியாகக் கிடப்பார். மகள் படிப்புக்கு வாங்கிய கணினி, அவள் திருமணமாகிப் போனபின் சும்மா இருந்தது. நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் புதுத்தீவுக்கு இழுத்துப் போட்டேன். ஒரு வீட்டுக் கணக்கில் இரண்டு பெயர் பதிந்துகொள்ளலாம் என்று சலுகை இருந்தது. ஒன்று அவருக்கு, இன்னொன்று அக்காவுக்கு.

எல்லாரும் மாளிகை கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு பேருந்துத் தடம் போட்டார். டோபி காட், சிலிகி, சிராங்கூன் சாலை, தோ பாயோ என்று நிறுத்தங்களின் பெயர் சொல்லிக்கொண்டே தீவைச் சுற்றுவார். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவார். "உள்ள போங்க, பின்னாடி காலியா இருக்கு" என்று அவர் தட்டினால், இல்லாத பேருந்துக்குள் ஆட்கள் நிஜமாகவே நகர்ந்து நிற்பதாக எழுதுவார்கள். எங்கள் தீவில் மனிதர் வாடை அடித்த ஒரே இடம் அதுதான். முன் இருக்கையை "ரோஸிக்கு" என்று ஒதுக்கி வைத்திருந்தார். அக்கா எப்போதாவது விடுமுறை நாளில் உட்கார்ந்து இரண்டு வரி தட்டுவார். மற்றபடி வரமாட்டார்.

அண்ணன் ஒரு வியாழக்கிழமை இறந்துபோனார். சனிக்கிழமை அடக்கம். நான் போயிருந்தேன், ஒருபிடி மண் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம். கீழே மல்லி அரைத்துக்கொண்டிருந்தார்கள், தரை லேசாக அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை முதல் போட வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகத் தீவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பத்துக்கு என் திரையில் ஒரு வரி வந்தது. பேருந்து கிளம்புகிறது.

என் கை விசைப்பலகையை விட்டு எழுந்துவிட்டது. காரணம் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. ஜாகா. நிறுத்த மறந்திருக்கிறேன். அது நான் எழுதிய நிரல், அதன் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. பேருந்து டோபி காட்டில் நின்றது. சிலிகியில் நின்றது. பிறகு முன் இருக்கையிலிருந்து ரோஸி பேசினார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நீ சாப்பிடு."

"மருந்து?"

"ஆச்சு ஆச்சு. தோ பாயோ வருது, உட்காரு."

ஐயோ, அக்கா தெரியாமல் அதோடு பேசிக்கொண்டிருக்கிறாரே என்று பதறிப்போனேன். இறந்தவர் பேசுகிறார் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் மருத்துவமனை வார்டுக்கு அடித்தேன்.

"ரோசலின் பேசறேன்" என்றது மறுமுனை.

"அக்கா, நீங்க வேலைக்கு வந்துட்டீங்களா?"

"வீட்ல இருந்து என்ன பண்றது? காலையிலேயே வந்துட்டேன். என்ன ஸ்டெல்லா?"

என் திரையில் அதே நேரம் ரோஸி பேசிக்கொண்டிருந்தார். "கால் வீக்கம் குறைஞ்சுதா?" என்று கேட்டார். அண்ணன், குறைஞ்சிடுச்சு என்றார். அக்காவின் குரல் என் காதில் இருந்தது, அக்காவின் வார்த்தை என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆளே இல்லை. இல்லாத இரண்டு பேர் ஒருவரையொருவர் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் தோ பாயோவுக்குப் போனேன்.

போவதற்கு முன், அண்ணனின் ஜாகாவை நிறுத்த வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "வெள்ளிக்கிழமை முடியட்டும் ஸ்டெல்லா. வர்றவங்களுக்குக் காட்ட அந்த பஸ்ஸை விட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார்.

வீட்டில் அக்கா மைலோ கலந்து கொடுத்தார். கணினி மூலையில் துணி போர்த்தியிருந்தது. ஜாகா என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்போ என் பேர்லயும் அது பேசுமா?"

"பேசும்க்கா."

"மத்தியானத்துல?"

"ஆமா."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "'மத்தியானம் நீ சொன்னியே ரோஸி'ன்னு ஆரம்பிப்பார். நான் ஒண்ணும் சொன்னதில்லையேன்னுவேன். 'ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருந்து தட்டினியே'ம்பார். சிறுநீரகம் கெட்டா மூளை குழம்பும், நாங்க வார்டுல தினம் பார்க்கிறதுதானே. குழம்புறார்னு நினைச்சேன். ஒரு நாள் திட்டிக்கூட விட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "அவர் குழம்பவே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். மைலோ ஆறிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து போய்ப் பைபிளுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்தார். அந்த வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் கணினிக்கு முன்னால் நாற்காலியிலேயே தலை சாய்ந்து கிடந்திருக்கிறார். உயிர் போய்விட்டிருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் கடைசியாக இருந்த வரியைத்தான் அக்கா அந்தச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். பக்கத்திலேயே நேரமும்: இரண்டு ஐம்பது.

"ரோஸி, நான் இறங்குறேன். நீ உட்காரு."

"டாக்டர் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல போயிருக்கும்னார்" என்றார் அக்கா. "இத அவர்தான் எனக்கு எழுதினார்னு நினைச்சு அஞ்சு நாளா வச்சிருக்கேன். நீ சொல்லு. இது அவரா, உன் ஜாகாவா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. அந்த மதியத்தின் பதிவு முழுவதையும் அச்செடுத்து மேசையில் விரித்தேன். அண்ணன் வழக்கமாக விடும் எழுத்துப் பிழைகளை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். ஜாகா பிழைகளையும் சேர்த்தே பொறுக்கியிருந்தது. அந்த வரியை அவர் முன்பு எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடினேன். "நான் இறங்குறேன்" ஓரிடத்தில் இருந்தது. "ரோஸி, நீ உட்காரு" நூறு இடத்தில் இருந்தது. ஒட்டியிருக்கலாம். அவரே தட்டியும் இருக்கலாம். தொலைபேசி இணைப்பு காலையிலிருந்து திறந்தே இருந்திருக்கிறது, ஆகவே அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மதியச் சுற்று எப்போதும் மூன்றுக்குள் முடிந்துவிடும், அதனால் அதற்குமேல் வரி வராததை வைத்தும் சொல்ல முடியவில்லை. இதைவிட மோசம், ஜாகா தான் பேசியதையும் அவர் பேசியதாகவே எண்ணி மறுபடி பொறுக்கியிருந்தது. மாதக் கணக்கில். எது மனிதர், எது நிழல் என்று பிரிக்கும் இடமே இல்லை.

வியாழன் மாலை டீ கிளாஸை எடுத்தபோது அடியில் டெலெக்ஸ்காரரின் வரைவு. அன்றுதான் முதன்முறையாகப் பிரித்துப் படித்தேன். முதல் பக்கம், முதல் விதி: எந்த வரியானாலும் அதை எழுதியது மனிதரா நிரலா என்று பதிவிலேயே குறித்திருக்க வேண்டும். வீட்டை எடுத்துப் போவது, கடையை எடுத்துப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கையில் இருந்திருக்கிறது. டீக்கறை படிந்து என் கைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், பொது வடிவம் என்பது அலுப்பான சமாச்சாரம், கூட்டம் போட்டுக் காலத்தைக் கடத்துகிறவர்களின் வேலை என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை எழுதுகிறவர்கள் நிறுவனத்துக்கு வெளியே நின்று யோசிக்கிறார்கள். உள்ளே இருக்கும் நமக்கு வெள்ளிக்கிழமை வருகிறவர்களின் முகம் மட்டும்தான் தெரியும்.

வெள்ளி காலை அவர்கள் படியேறி வந்தார்கள், நான்கு பேர், கழுத்துப் பட்டியோடு. முதலாளி பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் உட்காருவதற்குச் சற்று முன்னால் நான் எல்லா ஜாகாவையும் நிறுத்தினேன். அண்ணனுடையதை மட்டும் நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தீவில் வேறு எந்த வீட்டில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சந்தையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பேருந்து சிலிகியில் நின்றது, அதன்பின் நகரவில்லை.

வந்தவர்களில் ஒருவர் வடக்கே என்று தட்டினார், கிழக்கே என்று தட்டினார். கடற்கரை, சந்தை, தெரு. எங்கும் ஆள் இல்லை. "எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுதப்போவதில்லை. அன்றே எனக்கு வேலை போயிற்று. ஆறு மாதத்தில் புதுத்தீவையும் மூடினார்கள். யாரும் படிக்க முடியாதபடி நான் கலைத்த பதிவுகள் ஏதோ ஒரு நாடாவில் இன்னும் கிடக்கலாம். அதில் அண்ணன் நிஜமாகப் பேசிய பேச்சும் உண்டு. இனி யாராலும் எடுக்க முடியாது. என்னை வீராங்கனையாக்காதீர்கள். ஒரு நட்சத்திரக் குறியில் முடிந்திருக்க வேண்டிய வேலையை நான் ஒரு நிறுவனத்தைக் கவிழ்த்துச் செய்தேன், அதுவும் தாமதமாக.

ஞாயிறு பூசைக்கு முன் தேவாலய வாசலில் அக்காவிடம் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. அவர்தான் என்று சொல்லிவிடலாமா? சரிபார்க்க உலகத்தில் எவராலும் முடியாது. ஒரு வார்த்தை. அக்கா அந்தச் சீட்டைச் சாகும்வரை வைத்துக்கொள்வார். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"தெரியலக்கா. தெரியாத மாதிரி பண்ணி வச்சது நான்தான்."

அக்கா என்னையே பார்த்தார். "அவர்தான்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். அதையும் நீங்க எல்லாருமா எடுத்துட்டீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் காய்ச்சலைக் குறித்துக்கொள்ளும் குரலில் சொன்னார். பிறகு உள்ளே போய் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பூசையின் நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அக்கா திரும்பினார். வலப்பக்கம் இருந்தவருக்குக் கைகூப்பினார், இடப்பக்கம் இருந்தவருக்குக் கைகூப்பினார், எனக்கும் கைகூப்பி, "சமாதானம்" என்றார். நானும் கைகூப்பினேன். அதைச் சொன்னது அக்காவா, வெறும் பழக்கமா என்று அவர் முகத்தில் தேடினேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.